கட்டிலிலிருந்து நாற்காலி வரை

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. நிமோனியாவுக்காக 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. அதற்கு முன்பு தானாகவே நடந்து, குளித்து, காலையில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்தவர். இப்போது பாத்ரூமுக்கு எழுந்து போகவே சிரமப்படுகிறார். மூன்றாம் நாள் ராத்திரி தனியாக எழுந்து கட்டிலோரம் சரிந்துவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. அன்றிலிருந்து அண்ணன், "அப்பா ரெஸ்ட் எடுக்கட்டும், கட்டிலைவிட்டு இறங்க விடாதே" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா பகலெல்லாம் தூங்குகிறார். ராத்திரி விழித்துக்கொண்டு, எப்போதோ இறந்துபோன பாட்டியைத் தேடுகிறார். மறதி நோய் வந்துவிட்டதா? பழைய மாத்திரைப் பை ஒன்று, ஆஸ்பத்திரியில் கொடுத்த பை ஒன்று இருக்கின்றன. எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று தெரியவில்லை. சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நான் ஒழுங்காகத் தூங்கி ஒரு வாரம் ஆகிறது. அப்பா பழையபடி ஆவாரா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணன் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அதைக் கேட்டு நடக்காதீர்கள். முதியோர் மருத்துவம் பார்க்கிற நான் வாரம் தவறாமல் பார்க்கிற காட்சி இது. நோய் குணமாகித்தான் வீட்டுக்கு வருகிறார்கள். வந்த பிறகு "ரெஸ்ட்" என்ற பெயரில் கட்டிலிலேயே இருந்து, நோய் எடுத்துக்கொண்டதைவிட அதிகமான பலத்தை அங்கே இழக்கிறார்கள்.

2007-இல் வெளியான ஓர் ஆய்வை அண்ணனிடம் சொல்லுங்கள். எந்த நோயும் இல்லாத, சராசரி 67 வயதுள்ள சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. முழங்காலை நீட்டும் பலம் 15 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள். உங்கள் அப்பா அவர்களைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், காய்ச்சலோடு, சரியாகச் சாப்பிடாமல், 11 நாள் படுத்திருந்தவர். அவரால் எழ முடியாததில் ஆச்சரியம் இல்லை. இனியும் படுக்கவைத்தால் மிச்சமிருப்பதும் கரையும்.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் 2013-இல் வைத்த பெயர். "ஆஸ்பத்திரிக்குப் பிந்தைய நோய்நிலை" என்று சொல்லலாம். ராத்தூக்கம் கெட்டு, வேளை தவறிச் சாப்பிட்டு, வலியோடு, பகல் எது ராத்திரி எது என்று தெரியாத அறையில் படுத்திருந்த உடம்பு, வீடு திரும்பிய சில வாரங்களுக்கு எதையும் தாங்காமல் இருக்கிறது. அமெரிக்காவில் டிஸ்சார்ஜ் ஆன முதியவர்களில் ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களில் பலர் முதலில் வந்த நோய்க்காக வரவில்லை. கீழே விழுந்தோ, வேறு தொற்று வந்தோ, மாத்திரை குழம்பியோ வந்தார்கள். உங்கள் கடிதத்தில் இந்த மூன்றுக்கும் இடம் இருக்கிறது. அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

சரி, என்ன செய்யலாம்? டிஸ்சார்ஜ் சம்மரியில் "நடக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிமோனியாவுக்கு அப்படி எழுதுவது அபூர்வம். எழுதவில்லை என்றால், நாளைக் காலையிலிருந்து அப்பா மூன்று வேளையும் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். கைப்பிடி உள்ள, பின்பக்கம் சாய்ந்துகொள்ளக்கூடிய, அசையாத நாற்காலியாக இருக்கட்டும். முதல் நாள் இருபது நிமிடம் உட்கார்ந்தாலே போதும். மறுநாள் இன்னும் கொஞ்சம். ஓய்வையும் முடிந்தவரை நாற்காலியிலேயே எடுக்கட்டும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் நுரையீரல் நன்றாக விரியும், சளியும் வெளியே வரும்.

அடுத்தது உட்கார்ந்து எழுவது. நாற்காலியிலிருந்து எழுந்து, நேராக நின்று, மெதுவாகத் திரும்ப உட்கார வேண்டும். ஐந்து முறை, காலை, மதியம், மாலை. ஐந்து முடியாவிட்டால் இரண்டு. சாதாரணமாகத் தெரியும்; ஆனால் பாத்ரூம் போவதற்குத் தேவையான அத்தனை தசைகளும் இதில் வேலை செய்கின்றன. இது கைகூடியதும் அறைக்குள் பத்து அடி, பிறகு கூடம் வரை. நடக்கும்போது அவரால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு துண்டு துண்டாக வந்தால் உட்காரவையுங்கள். முடிந்தால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை இரண்டு மூன்று முறையாவது வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வாக்கர் வாங்கினால் கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி, மணிக்கட்டு வரும் உயரத்துக்கு அதன் பிடியை வையுங்கள். யாரோ கொடுத்த வாக்கரை உயரம் பார்க்காமல் அப்படியே பயன்படுத்தி, கூன் விழுந்து நடக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இதை நான் வெளியிலிருந்து மட்டும் சொல்லவில்லை. என் அம்மா இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வந்தபோது, தண்ணீர், சாப்பாடு, போன் எல்லாவற்றையும் நானே கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே வாரம்தான். அந்த வாரத்தில் போன நடையைத் திரும்பக் கொண்டுவர அம்மாவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. டாக்டராகத் தெரிந்ததெல்லாம் மகனுக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. அதனால் உங்கள் அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. விழுந்துவிட்டால் என்ன செய்வது? அப்பா சரிந்த அந்த ராத்திரியை யோசித்துப் பாருங்கள். அவர் நடைப்பயிற்சிக்காக எழவில்லை. அநேகமாகச் சிறுநீர் முட்டி எழுந்திருப்பார். இருட்டு, தூக்கக் கலக்கம், யாரையும் எழுப்ப மனமில்லாத கூச்சம். முதியவர்கள் பலர் விழுவது இந்தக் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில்தான். அந்த வழியைத்தான் நீங்கள் சரிசெய்ய வேண்டும்.

நீங்களே ஒரு தடவை விளக்கை அணைத்துவிட்டு அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, எழுந்து, பாத்ரூம் வரை போய்ப் பாருங்கள். எது காலில் தட்டுகிறது, எங்கே பிடித்துக்கொள்ளக் கை தேடுகிறது என்று தெரிந்துவிடும். கால் தட்டும் மிதியடி, வயர், ஸ்டூல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். தொங்கினால் கட்டில் உயரம் அதிகம். பாத்ரூமில் டவல் போடும் கம்பியைப் பிடித்து எழ விடாதீர்கள். அது ஆள் எடையைத் தாங்காது, கையோடு வந்துவிடும். சுவரில் இறுகப் பதித்த கைப்பிடி வேண்டும், வழுக்காத விரிப்பு வேண்டும், குளிக்க உட்காரும் ஸ்டூல் வேண்டும். செருப்பு குதிகாலைப் பிடித்திருப்பதாக இருக்கட்டும். கமோடு நாற்காலியோ யூரின் பாட்டிலோ ராத்திரிக்கு மட்டும் கட்டிலருகே வையுங்கள். ஆனால் பகலில் பாத்ரூமுக்கு நடந்தே போகட்டும். கூப்பிட ஒரு மணி கொடுத்துவிட்டு, "எத்தனை தடவை கூப்பிட்டாலும் பரவாயில்லப்பா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கூப்பிட மாட்டார்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விழாமல் இருக்கட்டும் என்று கட்டிலைச் சுற்றித் தடுப்புக் கம்பியோ நாற்காலிகளோ போட்டு அடைக்காதீர்கள். குழப்பத்தில் இருப்பவர் அதன்மேல் ஏறி இறங்கப் பார்ப்பார். இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கையைக் கட்டுவது எந்த நிலையிலும் கூடாது.

எழுந்ததும் தலை சுற்றுகிறதா என்று அவரைக் கேளுங்கள். நாள்கணக்கில் படுத்திருந்தவர்கள் நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். படுத்திருக்கும்போது பார்த்த மேல் அளவு, நின்ற மூன்று நிமிடத்துக்குள் 20 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். நோய்க்கு முன்பு சரியாக இருந்த பி.பி. மாத்திரை, எடை குறைந்து சாப்பாடும் குறைந்த இந்த உடம்புக்கு அதிகமாகப் போயிருக்கலாம். அதுவரை, எழும் முன் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள்.

எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். அவர் தோளும் போகும், உங்கள் முதுகும் போகும். இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து வரட்டும். பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளட்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து, கைப்பிடியை அழுத்தி எழட்டும். நீங்கள் பக்கவாட்டில், அரை அடி பின்னால், இடுப்புப் பக்கம் கை வைத்து நின்றால் போதும். சரிய ஆரம்பித்தால் முழுப் பாரத்தையும் தாங்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் உடம்போடு ஒட்டியபடி, தலை மோதாமல் மெதுவாகத் தரைக்கு இறங்க விடுங்கள். ஒருவேளை தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராகவும் இருந்தால், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இனி, உங்களை அதிகம் பயமுறுத்துகிற விஷயம். அப்பா பாட்டியைத் தேடுவது.

மறதி நோய் ஒரே வாரத்தில் வராது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக வரும். நன்றாக இருந்தவருக்குச் சில நாளில் புத்தி தடுமாறி, காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று மாறி மாறி வந்தால் அது அநேகமாக டெலிரியம். உடம்பு படும் அவதியை மூளை தாங்காமல் காட்டுகிற தற்காலிகக் குழப்பம். கத்துவது, ஓடப் பார்ப்பது மட்டும்தான் டெலிரியம் என்று நினைக்கிறார்கள். பகல் முழுக்க அசந்து தூங்குவதும் அதன் ஒரு வகை. "நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்" என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுவதால் அது கண்ணில் படாமலே போகிறது.

பெரும்பாலும் இது தெளிந்துவிடும். ஆனால் சில வாரம் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும். உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது: டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் சில மாதம் கழித்து ஒருமுறை ஞாபகச் சோதனை செய்துகொள்வது நல்லது. இப்போது செய்தால் தப்பான பதில்தான் கிடைக்கும்.

இன்று செய்ய வேண்டியது, அந்தக் குழப்பத்தை எது தூண்டுகிறது என்று தேடுவது. கண்ணாடி எங்கே? காதுக் கருவி வைத்திருந்தவர் என்றால் அது எங்கே, பேட்டரி இருக்கிறதா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பைகளின் அடியில் இவை கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சரியாகக் காணாமல் கேளாமல் இருந்தால் யாருக்குமே குழப்பம் வரும். மலம் போய் எத்தனை நாள் ஆகிறது? சிறுநீர் போகாமல் அடிவயிறு உப்பியிருக்கிறதா? எங்காவது வலிக்கிறதா? தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார்? மலச்சிக்கல் ஒன்று மட்டுமே வயதானவரின் புத்தியைக் கலக்கிவிடும். காலையில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் அவர் முகத்தில் படவிடுங்கள். கண்ணுக்கு நேரே கடிகாரமும் காலண்டரும் இருக்கட்டும். பகல் தூக்கம் மதியம் அரைமணி நேரத்தோடு நிற்கட்டும். தூங்கவைக்கத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது குழப்பத்தை அதிகமாக்கும், விழவும் வைக்கும்.

அவர் பாட்டியைத் தேடும்போது "பாட்டி செத்து எத்தனை வருஷம் ஆச்சு" என்று திருத்தாதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு ராத்திரியும் அவருடைய அம்மா புதிதாக இறந்துபோவார். பொய்யும் சொல்ல வேண்டாம். "பாட்டி ஞாபகம் வந்துடுச்சாப்பா? நான் இருக்கேன், நம்ம வீட்லதான் இருக்கோம்" என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டியைப் பற்றி அவர் பேசினால் கேளுங்கள். பேசப் பேச அடங்குவார்.

மாத்திரை விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே இரண்டு பைகளையும் மேஜைமேல் கொட்டி, அட்டையில் பிராண்ட் பெயரோடு சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு பைகளிலும் வேறு வேறு பிராண்ட் பெயரில் இருக்கலாம். இரண்டையும் கொடுத்தால் இரட்டை அளவாகிவிடும். பி.பி. மருந்து இப்படிப் போய் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு டாக்டரிடம் காட்டி ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எதற்கு? எத்தனை நாளைக்கு? பழையதில் எது இனி வேண்டாம்? ஆஸ்பத்திரியில் சில நாளுக்கென்று ஆரம்பித்த வயிற்று அமில மாத்திரை வருஷக்கணக்கில் ஓடுவது சகஜம். சளிக்கும் அலர்ஜிக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் முதியவர்களின் புத்தியைக் கலக்கும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். முக்கியமாக ஸ்டீராய்டு, இதய மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. இன்னொன்று: அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால், இரண்டு வாய் சாப்பாட்டுக்குப் பழைய அளவு மாத்திரையோ இன்சுலினோ ஆபத்து. அதற்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் இன்றே போன் செய்யுங்கள்.

சாப்பாட்டில் அளவைப் பார்க்காமல் புரதத்தைப் பாருங்கள். நோயிலிருந்து தேறும் முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு சின்ன வேளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பால், முட்டை, பருப்பு போல ஏதாவது ஒன்று இருக்கட்டும். பல்செட் போடுபவரா? மெலிந்துபோனதும் அது லொடலொடவென்று ஆகிவிடும். சாப்பிடாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ, குடித்த பிறகு குரல் கரகரவென்று ஈரமாக ஒலித்தாலோ, உணவு நுரையீரலுக்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நிமோனியா திரும்ப வருவதற்கு அது ஒரு வழி. இரண்டு வேளை பல் துலக்கி வாயைச் சுத்தமாக வைத்திருப்பதும் நுரையீரலைக் காக்கும். படுக்கைப் புண்ணுக்காக முதுகின் அடிப்பக்கத்தையும் குதிகாலையும் தினமும் பாருங்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்காவிட்டால் அது புண்ணின் ஆரம்பம்.

காய்ச்சல் வந்தால்தான் தொற்று என்று காத்திருக்காதீர்கள். இந்த வயதில் பெரிய தொற்றுகூடக் காய்ச்சலே இல்லாமல் வரும். நேற்றைவிட இன்று குழப்பம் அதிகம், திடீரென்று சாப்பாட்டை முழுதாக மறுக்கிறார், எழுப்பினாலும் விழிக்கவில்லை என்றால் உடனே காட்டுங்கள். அவர் சும்மா இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 25-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ தாமதிக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் ரத்தக் கட்டியாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவருக்கு ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராக வயிற்றுப்போக்கு போனால், கடையில் மாத்திரை வாங்கி நிறுத்தப் பார்க்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் தூங்காத நீங்கள் மாத்திரையைத் தப்பாகக் கொடுத்துவிடலாம், அவரைப் பிடிக்கும்போது நீங்களும் சேர்ந்து விழலாம். அண்ணனை வாரத்தில் மூன்று ராத்திரி அப்பாவின் அறையில் படுக்கச் சொல்லுங்கள். பகலிலும் ஒரு நாள் அவர் கையால் அப்பாவை எழுப்பி நாற்காலிக்கு நடத்தட்டும். தன் தோளில் கை வைக்காமல் அப்பா தானாக எழுவதை அண்ணன் ஒருமுறை பார்த்துவிட்டால், "இறங்க விடாதே" என்ற பேச்சு தன்னால் நின்றுவிடும்.

அப்பா பழையபடி ஆவாரா என்று கேட்டிருந்தீர்கள். நிமோனியாவிலிருந்து மீள்பவர்களுக்கு நான்கு வாரத்தில் நெஞ்சு வலி குறையும், சளி குறையும். ஆறு வாரத்தில் இருமலும் மூச்சிரைப்பும் குறையும். அந்தச் சமயத்தில் மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். மூன்று மாதத்தில் அசதி தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் போயிருக்கும். பழைய நிலைக்கு வர ஆறு மாதமும் ஆகலாம். அதுவும் பொதுக் கணக்குதான். 79 வயதில் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். உங்கள் அப்பா போன மாதம்வரை தானாக நடந்தவர், பேப்பர் படித்தவர். அவரைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நாளைக் காலை அவரை நாற்காலியில் உட்காரவைத்ததும், கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, அன்றைய பேப்பரைக் கையில் கொடுங்கள். படிக்காவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் எத்தனை அடி நடந்தார் என்று எனக்கு எழுதுங்கள்.